சைகை மாறியதை எனக்கு யார் சொன்னது?

அவன் பொய் சொன்னான். சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது. அணி முழுவதும் நின்ற இடத்தில், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, எனக்குச் சொல்லிவிட்டதாகச் சொன்னான். அவன் எனக்கு எதையும் சொல்லவில்லை. அவன் சொல்லாமல் விட்ட அந்த ஒரு விஷயத்தால், எட்டு வருடமாக முழங்கால் தேயக் குந்தியிருந்து நான் சம்பாதித்த பெயர் ஒரு பந்தில் போனது.

அவனுடைய பெயரை எழுதப் போவதில்லை. பலெர்மோவில் பேஸ்பால் விளையாடிய வளர்ந்த ஆட்களில் தமிழர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். ஒருவன் நான். மற்றவன் யார் என்று கண்டுபிடிக்க எவருக்கும் கஷ்டம் இராது.

நான் கேட்சர். எறிபவர் எறிகிற பந்தை, அடிப்பவருக்குப் பின்னால் குந்தியிருந்து பிடிப்பவன். கிரிக்கெட்டில் விக்கெட் காப்பாளர் மாதிரி என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லுவேன். ஆனால் அது மாதிரி இல்லை. விக்கெட் காப்பாளர் பந்தை விட்டால் நாலு ஓட்டம் போகும். கேட்சர் விட்டால் ஆட்டமே போகும். அதுவும் நான் முதல் கேட்சர் இல்லை. இரண்டாவது. இத்தாலியர்கள் ரிசெர்வா என்பார்கள். முதல் ஆளுக்கு ஏதாவது நடந்தால் இறக்குவதற்கு வைத்திருக்கிற ஆள்.

நான் வன்னியிலிருந்து சண்டை முடிந்த பிறகு வந்தவன். வந்த புதிதில் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் பொடியங்களோடு பூங்காவில் கிரிக்கெட் விளையாடினேன். எல்லாரும் துடுப்பைப் பிடிக்கவும் பந்து போடவும்தான் அடிபட்டார்கள். விக்கெட்டுக்குப் பின்னால் நிற்க ஆள் இல்லை. நான் நின்றேன். ஒருநாள் தொப்பி போட்ட ஓர் இத்தாலியர் வேலியில் சாய்ந்துகொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு உள்ளே வந்து என்னைக் குந்தச் சொன்னார். குந்தினேன். எழும்பச் சொல்லவில்லை. பக்கத்தில் நின்றவர்களோடு கதைத்தார், சிகரெட் பற்றினார், திரும்பவும் வந்து பார்த்தார். நான் அப்படியே இருந்தேன். அவருக்குப் பெரிய ஆச்சரியம். அவருடைய ஆட்களுக்குக் கொஞ்சநேரம் குந்தினாலே தொடை நடுங்குமாம். சண்டைக் காலத்தில் பங்கர் குழிக்குள் நாள்கணக்காகக் குந்தியிருந்த கதையை அவருக்குச் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை. அவர்தான் கோச்.

முதல் வருடம் முழுக்க என் கையைத் திருத்துவதிலேயே போனது. கிரிக்கெட்டில் பந்து வரும்போது கையைப் பின்னால் இழுத்து மெதுவாக வாங்குவோம். பேஸ்பாலில் அது குற்றம். கை அசைந்தால், நடுவர் நல்ல பந்தையும் வெளியே போன பந்து என்று சொல்லிவிடுவார். கை கல்லு மாதிரி நிற்கவேண்டும். அதைவிட மோசமானது தரையில் குத்தி வரும் பந்து. கிரிக்கெட்டில் பக்கத்தில் விலகிக் கையால் எடுப்போம். இங்கே விலகக் கூடாது. நெஞ்சைக் கொடுக்கவேண்டும். கோச் என் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டச் சொல்லிவிட்டு, எனக்கு முன்னால் தரையில் பந்தைக் குத்திக் குத்தி எறிந்தார். நெஞ்சிலும் தோளிலும் கழுத்திலும் வாங்கினேன். வீட்டில் மனைவி நீலமாகக் கிடந்த இடங்களைப் பார்த்துவிட்டு, "இஞ்சேருங்கோ, உங்களை அங்கை ஆரும் அடிக்கிறாங்களோ? உண்மையைச் சொல்லுங்கோ" என்று கேட்டாள். விளையாட்டு என்று சொன்னேன். "உதுக்குப் பேர் விளையாட்டு எண்டால் நாங்கள் ஊரில நல்லா விளையாடிப்போட்டுத்தான் வந்திருக்கிறம்" என்றாள்.

இரண்டாவது கேட்சருடைய வாழ்க்கை எப்படி என்று யாரும் எழுதியதில்லை. நான் சொல்கிறேன். மற்ற எல்லாருக்கும் முதல் மைதானத்துக்குப் போய், கவசங்களைக் கட்டிக்கொண்டு, வேலியோரத்தில் குந்தவேண்டும். எறிபவர்கள் ஒவ்வொருவராக வந்து கையைச் சூடாக்குவார்கள். அவர்கள் எறிய நான் பிடிக்கவேண்டும். ஆட்டம் தொடங்க, முதல் கேட்சர் கழுவின சட்டையோடு வந்து என் இடத்தில் இல்லை, தன் இடத்தில் குந்துவார். நான் வேலியோரத்திலேயே இருப்பேன். அடுத்து எறிய வருகிறவனைச் சூடாக்கவேண்டும். எந்த எறிபவனுக்கு அன்றைக்கு வீட்டில் சண்டை, எவனுக்குத் தோள் நோகிறது, எவன் முதல் நாள் குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று அவர்களுடைய அம்மாமாருக்கு முதல் எனக்குத் தெரியும். ஆனால் ஆட்டத்தில் அவர்களுடைய பந்தைப் பிடிப்பது நான் இல்லை. நாங்கள் அள்ளி அடித்து வென்றுகொண்டிருக்கிற நாளிலும், ஒரேயடியாகத் தோற்றுப்போன நாளிலும், கடைசியில் கோச் கையைக் காட்டுவார். போய் நின்றுவிட்டு வருவேன். பார்க்க வந்தவர்கள் அந்நேரம் கார்ச்சாவியைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

எனக்கு அதில் கோபம் இருக்கவில்லை. முதல் கேட்சர் என்னைவிட நல்ல ஆட்டக்காரர். பகேரியாவிலிருந்து ரயிலில் வருவார். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். எதிரணி ஆள் ஓடிப்போய்ச் சேர முதல், பந்தை இரண்டாவது பேஸுக்கு எறிகிற கை அவருக்கு இருந்தது. எனக்கு அந்தக் கை இல்லை. அதை நானே சொல்லுவேன். என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். என்னைத் தாண்டிப் பந்து போகாது. கோச்சும் அதைத்தான் சொல்லுவார். புதிதாக வருகிற எறிபவர்களிடம், "இவனைத் தாண்டிப் போகாது, பயப்படாமல் எறி" என்று சொல்லி என் தோளில் தட்டுவார். எட்டு வருடத்தில் எனக்குக் கிடைத்த சம்பளம் என்று வைத்துக்கொண்டால் அந்தத் தட்டல்தான்.

எனக்கு வேலை லிபெர்த்தா வீதியில். ஒரு வயதான ஐயாவைப் பார்க்கிறேன். குளிப்பாட்டி, சாப்பாடு தீத்தி, வராந்தாவில் கொண்டுபோய் இருத்தி, திரும்பக் கொண்டுவந்து படுக்க வைப்பது. வீட்டு வேலை செய்கிறவர்களுக்கு இந்த ஊரில் வியாழன் பின்னேரமும் ஞாயிறும்தான் லீவு. பலெர்மோவில் எந்தத் தமிழனைக் கேட்டாலும் தெரியும். எங்களுடைய கலியாணப் பேச்சு, பிறந்தநாள், கோயில் கூட்டம் எல்லாம் அந்த இரண்டு நேரத்துக்குள்தான் அடங்கவேண்டும். அணிக்குச் செவ்வாயும் வியாழனும் பயிற்சி. செவ்வாய் எனக்கு முடியாது. வீட்டுக்கார அம்மாவிடம், ஐயாவின் மகள் சிஞ்ஞோராவிடம், ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். "அப்பாவை யார் தூக்குவது? நானா?" என்று கேட்டார். அதோடு விட்டேன். கோச்சுக்கும் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டேன். செவ்வாயில் என்ன நடந்தாலும் வியாழன் எனக்குச் சொல்லிவிடுவார்கள். முதல் கேட்சரே சொல்லுவார். அப்படித்தான் ஓடியது.

பிறகு அவன் வந்தான். வந்தான் இல்லை, நான் கொண்டுவந்தேன்.

யாழ்ப்பாணத்துப் பொடியன். இருபத்தைந்து வயது இருக்கும். ஒரு உணவகத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றான். கிரிக்கெட்டில் நல்லாக ஓடிப் பிடிப்பான். எனக்குத் துணையாக ஒரு தமிழ் முகம் இருக்கட்டும் என்று கூட்டிக்கொண்டு போய்க் கோச்சிடம் விட்டேன். தூர அடித்த பந்தை ஓடிப் பிடிக்க வெளி மைதானத்தில் விட்டார்கள். ஒரு வருடத்தில் நிரந்தர இடம் பிடித்தான். எனக்குச் சந்தோஷம்தான். அவனிடம் பழைய கார் ஒன்று இருந்தது. ஒரேத்தோ வீதிப் பக்கம் எங்கள் வீடுகளுக்கு இடையில் இரண்டு தெருதான். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை ஏற்றி இறக்குவான். அண்ணை, அண்ணை என்று வாய் நிறையக் கூப்பிடுவான்.

அவன் வந்த நாளிலிருந்து ஒரு புதுப் பழக்கம் தொடங்கியது. எனக்குச் சொல்லவேண்டியதை எனக்குச் சொல்லாமல் அவனிடம் சொல்லத் தொடங்கினார்கள். "உன் மச்சானிடம் சொல்லிவிடு" என்பார் கோச். நாங்கள் மச்சான் இல்லை, சொந்தமே இல்லை, ஊரும் வேறு என்று நான் எத்தனையோ தரம் சொல்லிவிட்டேன். சிரிப்பார். இந்த ஊரில் எல்லாத் தமிழரும் ஒருவருக்கொருவர் மச்சான்தான். ஒருவனுக்குச் சொன்னால் எல்லாருக்கும் போய்ச் சேர்ந்துவிடும் என்று நினைக்கிறார்கள். வேலை செய்கிற வீடுகளிலும் அப்படித்தான். அடுத்த வீட்டு வேலைக்காரிக்குச் சொல்லவேண்டியதை என்னிடம் சொல்லி அனுப்புவார்கள். பிழை அவர்களில் மட்டும் இல்லை. நாங்களும் ஓம், ஓம் என்று தலையாட்டிவிட்டுச் சுமந்துகொண்டு போகிறோம். பத்துத் தரம் பகிடியாகப் போகும். பதினோராம் தரம் ஒருவன் தலையில் விழும்.

இந்த வருடம்தான் எனக்கு ஒரு கதவு திறந்தது. பகேரியாக்காரர் இந்தப் பருவத்தோடு நிறுத்தப் போவதாக அறிவித்தார். முழங்கால் போய்விட்டது. கோச் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அடுத்த வருடம் நீதான் என்று சொன்னார். எறிபவர்களும் நீதான் வேண்டும் என்று சொல்கிறார்கள் என்றார். எனக்கு முப்பத்தெட்டு வயது. ஒரு வருடம், கூடிப்போனால் இரண்டு வருடம் என் உடம்பு தாங்கும். அந்த ஒரு வருடம்தான் நான் கேட்டது. ஆட்டம் தொடங்கும்போது என் பெயரை ஒலிபெருக்கியில் வாசிக்கவேண்டும். முதல் பந்தை நான் பிடிக்கவேண்டும். வேறு ஒன்றும் இல்லை. மனைவியிடம் சொன்னேன். சிரிக்கவில்லை. "அப்ப நாங்களும் வந்து பாக்கிறம்" என்றாள். எட்டு வருடத்தில் அவள் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

இனிச் சைகையைப் பற்றிச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் மிச்சம் விளங்காது.

எறிபவருக்கு என்ன பந்து எறியவேண்டும் என்று சொல்வது கேட்சர். தொடைகளுக்கு நடுவில் கையை மறைத்து விரல் காட்டுவோம். ஒரு விரல் என்றால் நேரான வேகப் பந்து. இரண்டு விரல் என்றால் வளைந்து விழுகிற பந்து. ஆனால் எதிரணி ஆள் ஒருவன் எறிபவருக்குப் பின்னால் இருக்கிற இரண்டாவது பேஸில் நின்றால் அவனுக்கு என் விரல் நேராகத் தெரியும். அடிக்கிறவனுக்குக் காட்டிக் கொடுத்துவிடுவான். அதனால் அப்படி ஆள் நிற்கும்போது அடுத்தடுத்து நாலைந்து தரம் விரல் காட்டுவோம். அதில் ஒன்றுதான் உண்மை, மற்றது எல்லாம் சும்மா. எத்தனையாவது உண்மை என்பது எறிபவருக்கும் கேட்சருக்கும்தான் தெரியும். எங்கள் அணியில் அந்தப் பருவம் தொடங்கியதிலிருந்து இரண்டாவதுதான் உண்மை.

இதை யாரும் எங்கேயும் எழுதுவதில்லை. போனில் அனுப்பக் கூடாது, வாட்ஸ்அப் குழுவில் போடக் கூடாது. இது கோச்சின் கடுமையான கட்டளை. வாயால் சொல்லி, காதால் கேட்கவேண்டும். அதனால்தான் இன்றைக்கு என்னிடம் காட்டுவதற்கு ஒன்றுமில்லை. என் வாயும் அவன் வாயும்தான் இருக்கிறது.

பருவத்தின் கடைசி ஆட்டத்துக்கு முந்தின செவ்வாய், கோச் அதை மாற்றினார். எதிரணி எங்கள் சைகையைப் படித்துவிட்டது என்று அவருக்குச் சந்தேகம். இனி மூன்றாவதுதான் உண்மை என்றார். நான் லிபெர்த்தாவில் ஐயாவுக்குச் சூப் தீத்திக்கொண்டிருந்தேன். கோச் அவனைப் பார்த்து, "உன் மச்சானுக்கும் சொல்லிவிடு" என்றாராம். அவன் தலையாட்டினானாம். இது எல்லாம் பிறகு பகேரியாக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீங்கள் ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று அவரையும் கேட்டேன். அவன் சொல்லுவான் என்று இருந்துவிட்டேன் என்றார். வியாழன் பயிற்சிக்கு நான் போனேன். அவன் உணவகத்தில் வேலை என்று வரவில்லை. என்னைப் பின்னேரம் முழுக்க வேலியோரத்தில் இருத்தி, புதுப் பொடியன்கள் எறிய எறியப் பிடிக்க வைத்தார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை. எல்லாரும் எனக்குத் தெரியும் என்று நினைத்தார்கள். ஞாயிறு காலை அவன்தான் என்னைக் காரில் ஏற்றினான். வழி முழுக்கத் தன் புதுக் கைப்பேசியைப் பற்றிக் கதைத்தான்.

அன்றைக்குத் தெற்கிலிருந்து சூட்டுக்காற்று. மண் எல்லாம் கண்ணுக்குள். வென்றால் நாங்கள் மேல் பிரிவுக்குப் போவோம். இரண்டு பக்கமும் சமம். கடைசி இன்னிங்ஸ். எதிரணி அடிக்கிறது. இரண்டு பேர் அவுட். ஒருவன் இரண்டாவது பேஸில், ஒருவன் மூன்றாவது பேஸில். அடிக்கிறவனுடைய துடுப்பில் உரசிய பந்து ஒன்று பகேரியாக்காரரின் வலது பெருவிரலில் பட்டு நகத்தைப் பிய்த்துக்கொண்டு போனது. இரத்தம். அவர் எழும்பிக் கையை உதறினார். கோச் வேலியோரம் பார்த்தார். நான் ஓடினேன்.

எறிபவனிடம் போனேன். கையுறையால் வாயை மறைத்துக்கொண்டு, சைகை தெரியும்தானே என்று கேட்டான். தெரியும் என்றேன். தெரியாது என்று சொல்ல எனக்கு என்ன காரணம் இருக்கிறது? பருவம் முழுக்க அதே சைகை. மாறியதாக ஒரு குருவிகூட எனக்குச் சொல்லவில்லை. நடுவர் கெதியாக வா என்று கையைக் காட்டினார். போய்க் குந்தினேன்.

விரலைக் காட்டினேன். இரண்டாவதாக இரண்டு விரல். வளைந்து வெளிப்பக்கம் கீழே விழுகிற பந்து. கையுறையை அங்கே கொண்டுபோய் வைத்தேன். நான் மூன்றாவதாகக் காட்டியது ஒரு விரல். அதைத்தான் எறிபவன் எடுத்தான். உள்பக்கமாக, மேலே, நெஞ்சு உயரத்தில், அவனிடமிருந்த முழு வேகத்தோடும் வந்தது. அந்த வேகத்தில் வருகிற பந்துக்கு முன்கூட்டியே இடம் தெரிந்திருக்கவேண்டும். நான் கையைத் திருப்பினேன். கையுறையின் விளிம்பில் உரசிக்கொண்டு போய்ப் பின் வேலியில் அடித்தது. அந்தச் சத்தம் எனக்கு இப்போதும் கேட்கிறது. நான் முகக்கவசத்தைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினேன். அதற்குள் மூன்றாவது பேஸில் நின்றவன் வந்து எனக்கு முன்னால் இருக்கிற ஹோம் பிளேட்டில் கால் வைத்துவிட்டான், அவர்களுக்கு ஓர் ஓட்டம்.

ஒலிபெருக்கியில் சொன்னார்கள், பல்லா மன்காத்தா என்று. கேட்சர் விட்ட பந்து. என் பெயரையும் சேர்த்து வாசித்தார்கள். எட்டு வருடத்தில் என் பெயரை அவ்வளவு தெளிவாக வாசித்தது அன்றைக்குத்தான்.

அதன் பிறகு எங்கள் பக்கம் அடிக்கப் போனது. மூன்று பேரும் வரிசையாக அவுட். அவர்களில் கடைசி ஆள் அவன். பந்தைத் தொடவே இல்லை. அதைப் பற்றி இன்றுவரைக்கும் யாரும் கதைத்ததில்லை.

ஆட்டம் முடிந்து எல்லாரும் ஆட்டக்காரர் இருக்கிற வாங்குகளுக்கு முன்னால் நின்றோம். எறிபவன் கையுறையை நிலத்தில் அடித்தான். நான் வேகப் பந்து கேட்டுவிட்டு வெளியே கை வைத்தேன் என்று கத்தினான். நான் கேட்டது வளைந்த பந்து என்றேன். மூன்றாவது என்றான். இரண்டாவது என்றேன். அப்போதுதான் எனக்கு விளங்கியது. கோச்சைப் பார்த்தேன். சைகை மாறியதா என்று கேட்டேன். கோச் என்னை விட்டுவிட்டு அந்த யாழ்ப்பாணத்துப் பொடியனைப் பார்த்தார்.

"நீ இவனுக்குச் சொன்னாயா, இல்லையா?"

அவன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். சொல்ல மறந்துவிட்டேன் என்று சொல்லப் போகிறான் என்றுதான் நினைத்தேன். நான் அவனைக் காப்பாற்றவும் தயாராக நின்றேன். பரவாயில்லை, வேலைக் களைப்பில் மறந்திருப்பான் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"சொன்னேன்" என்றான். "செவ்வாயே சொல்லிவிட்டேன்."

நான் இல்லை என்று சொன்னேன். ஒருதரம் இல்லை, பலதரம். ஆனால் பந்தை விட்டவன் சொல்லுகிற இல்லை எப்படிக் கேட்கும்? நான் எனக்காகக் கதைக்கிற மாதிரித்தான் கேட்டது. கோச் தொப்பியைக் கழற்றி மண்ணைத் தட்டிக்கொண்டு, கிரிக்கெட் கை என்று சொன்னார். நெருக்கடி வந்தால் கிரிக்கெட் கை திரும்பி வந்துவிடும் என்று எல்லாரும் கேட்கச் சொன்னார். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு அவருடைய பந்தை நெஞ்சில் வாங்கியவன் நான்.

திரும்பிப் போகும்போதும் அவனுடைய காரில்தான் ஏறினேன். பேருந்தில் போயிருக்கலாம். ஆனால் அவன் வாயால் கேட்கவேண்டியிருந்தது. கொஞ்சத்தூரம் போனதும் கேட்டேன்.

"எப்பயடா எனக்குச் சொன்னனி?"

சிவப்பு விளக்கில் நிறுத்தினான்.

"மறந்துபோனன் அண்ணை."

"அப்ப அதை அங்கை சொல்லியிருக்கலாமே?"

"எல்லாரும் என்னைத்தானே பாத்துக்கொண்டு நிண்டவை. வாயில வந்திட்டுது."

"வாயில வந்ததைத் திரும்ப எடுக்கலாம். வாற வியாழன் வந்து சொல்லு."

"சொன்னா என்னை விட்டிடுவாங்கள் அண்ணை. உங்களுக்கு வயசு போட்டுது. எனக்கு இன்னும் எவ்வளவு கிடக்கு. நீங்களே யோசிச்சுப் பாருங்கோ."

நான் யோசித்துப் பார்த்தேன். என்னைக் கேட்காமலே என் வருடங்களை எடுத்துத் தன் வருடங்களோடு சேர்த்துக்கொண்டிருக்கிறான். அதற்கு என்னையே சம்மதிக்கவும் சொல்கிறான். காரை நிறுத்து என்றேன். வெயிலுக்குள் கவசப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்து வீட்டுக்குப் போனேன்.

மறந்துபோனதை நான் மன்னித்துவிட்டேன். இதை எல்லாரும் வடிவாக வாசிக்கவேண்டும். பாத்திரம் கழுவிக் கை வெந்து வருகிற பொடியனுக்கு ஆயிரம் ஞாபகம் இருக்கும். என் பிரச்சினை மறந்தது இல்லை. சொன்னேன் என்று சொன்னது.

வியாழன் போனேன். அவனும் வந்திருந்தான். சொல்லவில்லை. அடுத்த வியாழனும் சொல்லவில்லை. நானே கோச்சின் அறைக்குப் போய், காரில் அவன் ஒத்துக்கொண்டதைச் சொன்னேன். கோச் அவனைக் கூப்பிட்டுக் கேட்டார். அவன் தோளைக் குலுக்கி, அண்ணை கவலையில் இருக்கிறார், அவருக்கு ஆறுதலுக்காக அப்படிச் சொன்னேன் என்றான். கோச் சிரித்துவிட்டு, மச்சான்மார் வீட்டுப் பிரச்சினையை வீட்டில் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

பருவம் முடிந்து அணிச் சாப்பாடு நடந்தது. கடற்கரையோரத்தில் ஒரு பீட்சாக் கடையில். மனைவி வரவில்லை. பகேரியாக்காரருக்குக் கேடயம் கொடுத்தார்கள். கோச் எழும்பி, அடுத்த வருடம் வேறு ஊரிலிருந்து ஒரு புதுக் கேட்சர் வருகிறார் என்று அறிவித்தார். என்னைப் பார்த்து, நீ எப்போதும் எங்கள் குடும்பத்தில் ஒருவன், வேலியோரத்தில் உன் இடம் இருக்கிறது என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். அவனும் தட்டினான். நான் எழும்பி வந்துவிட்டேன். கவசங்களைப் பிறகு ஒரு வியாழன் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கினவர் பெல்ட் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே வைத்தார்.

எங்கள் ஆட்களுக்குள் கதை எப்படியோ வந்துவிட்டது. எங்கள் தமிழர் மண்டபத்தில் சோற்றுக்கு வரிசையில் நிற்கும்போது ஒருவர் கேட்கிறார், "என்னண்ணை, பந்து இன்னும் அந்த வேலியில தானோ கிடக்கு?" இன்னொருவர், "கண்ணாடி ஒண்டு எடுத்துப் போடுங்கோவன்." பகிடி விடட்டும். பகிடிக்கு நான் அழுகிறவன் இல்லை. ஆனால் என் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, "அப்பா, நீங்கள் பிடிக்காததாலதான் ஸ்க்வாத்ரா தோத்ததோ?" என்று அரைத் தமிழிலும் அரை இத்தாலியனிலும் கேட்டாள். அணி தோற்றது என்னாலா என்று கேட்கிறாள். சைகை, விரல், செவ்வாய் எல்லாம் சொல்லி விளங்கப்படுத்தினேன். கவனமாகக் கேட்டாள். கடைசியில், "அப்ப அந்த மாமா ஏன் சொன்னதெண்டு சொன்னவர்?" என்றாள். பதில் இருக்கவேண்டியது என்னிடம் இல்லை.

மனைவி முதலில் என்னை விட்டுவிடச் சொன்னாள். இந்த ஊரில் நாங்களே கொஞ்சப் பேர், அதற்குள் பகைத்துக்கொண்டு யாருடைய கலியாணத்துக்கும் போக முடியாமல் போகும் என்றாள். நான் விட்டுத்தான் இருந்தேன். கோபத்தை விடவில்லை, கதையை விட்டேன். பல மாதம் யாரோடும் இதைக் கதைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டிலேயே இருந்தேன். உடம்பு பழக்கத்தில் விடியவே எழும்பிவிடும். எழும்பி என்ன செய்வது என்று தெரியாமல் சமையலறையில் குந்தியிருப்பேன்.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால் காரணம் இருக்கிறது. எங்கள் இளைஞர் சங்கத்துக்குப் புது விளையாட்டுப் பொறுப்பாளர் தேவையாம். அவனுடைய பெயரைத்தான் முன்மொழிந்திருக்கிறார்கள். பேஸ்பால் கழகம் தமிழ்ப் பிள்ளைகளை எடுக்க விரும்புகிறதாம். கழகம் சொல்வதை எங்கள் பெற்றோருக்குச் சொல்லவும், பெற்றோர் சொல்வதைக் கழகத்துக்குச் சொல்லவும் நடுவில் ஒரு நம்பிக்கையான ஆள் வேண்டுமாம். சங்கத்தின் அறிவித்தலை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றது. நாளைக்கு ஒரு பிள்ளைக்குத் தோள் நோகும், பயிற்சி வேண்டாம் என்று தாய் இவனிடம் சொல்லி அனுப்புவாள். ஒரு பிள்ளைக்கு இடம் கிடைக்கும், வரச்சொல்லிக் கழகம் இவனிடம் சொல்லி அனுப்பும். இவன் மறப்பான். மறப்பது மனித இயல்பு. பிறகு எல்லாருக்கும் முன்னால் நின்று, சொன்னேன் என்பான். அந்தப் பிள்ளை இல்லை என்று சொல்லும். அந்தப் பிள்ளையை யார் நம்பப் போகிறார்கள்?

இதைச் சொன்னதும் மனைவி, "அப்ப எழுதுங்கோ" என்றாள்.

எனக்கு இடம் திரும்ப வேண்டாம். புதுக் கேட்சர் வந்துவிட்டார், நல்லாக விளையாடுகிறார் என்று கேள்வி. என் முழங்காலும் இனிச் சரிவராது. அந்த ஒரு வருடம் போய்விட்டது, அதை யாராலும் தர முடியாது. அவனை அணியிலிருந்து தூக்கவும் நான் கேட்கவில்லை. விளையாடட்டும்.

தம்பி, உன்னோடு காரில் தனியாகக் கதைத்ததும் போதும், கோச்சின் அறையில் கதைத்ததும் போதும். தனியாகக் கேட்டால் நீ ஒன்று சொல்கிறாய், ஆட்களுக்கு முன்னால் வேறொன்று சொல்கிறாய். பொறுப்பாளரைத் தெரிவுசெய்ய மண்டபத்தில் கூட்டம் வைக்கிறார்கள். நானும் வருவேன், என் மனைவியும் மகளும் வருவார்கள். கோச்சையும் கூப்பிடுங்கள் என்று சங்கத்திடம் எழுத்தில் கேட்டிருக்கிறேன். உனக்கு வாக்குப் போட முதல் எழும்பி நில். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, தமிழில் ஒருதரமும் இத்தாலியனில் ஒருதரமும் பதில் சொல்லு. சைகை மாறியதை நீ எனக்குச் சொன்னாயா, இல்லையா?